‘என் முன்னிலையில்’: நோட்டரி முத்திரை எதற்குச் சாட்சி?

போன ஐப்பசியில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முத்திரைத்தாளில் டைப் அடித்த ஒரு பக்க உறுதிமொழி. சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் தாத்தா விட்டுப்போன நஞ்சையில் தன் பங்குக்கு எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று சித்தி மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்ததாக அதில் இருந்தது. கீழே சித்தி பெயரில் ஒரு கையெழுத்து, பக்கத்தில் வட்டமான நோட்டரி முத்திரை, ‘என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது’ என்று ஒரு வரி, ஒரு தேதி.

அந்தத் தேதியில் சித்தி புனேயில் மகள் வீட்டில் இருந்தார். ரயில் டிக்கெட்கூட இருக்கிறது.

பட்டா மாறுதலுக்காக மாமா மகன் கொடுத்த மனுவோடு இந்தத் தாள் இணைக்கப்பட்டிருந்தது. முத்திரை குத்திய நோட்டரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள். ஆனால் அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் நோட்டரி சட்டத்தைப் படித்தேன். நான் வக்கீல் இல்லை. கம்ப்யூட்டரில் லாக் ஃபைல் படிக்கிறவன். லாக் படிக்கிறவன் கண்ணுக்கு இந்தச் சட்டத்தில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பொதுவான ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாளையங்கோட்டை கோர்ட்டைச் சுற்றியும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கமும் நடந்தால் எத்தனை நோட்டரி போர்டு கண்ணில் படுகிறது! அங்கே தாளைக் கொடுத்து முத்திரை வாங்கி வருகிறவர்களில் பாதிப்பேர், ‘கவர்மென்ட் சீல் விழுந்தாச்சு, இனி இது செல்லும்’ என்று நம்புகிறார்கள். தாளில் எழுதியிருப்பது உண்மை என்று நோட்டரி சொல்லவில்லை. அது சட்டப்படி செல்லும் என்றும் சொல்லவில்லை. அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இந்த நாளில் என் முன்னால் வந்தார், இதில் கையெழுத்துப் போட்டார். உறுதிமொழி என்றால், சத்தியம் செய்துவிட்டுப் போட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் பொய் என்றால் முத்திரையில் மிச்சம் எதுவும் இல்லை, மை மட்டும்தான்.

இந்தியாவில் நோட்டரிகளுக்கான சட்டம் 1952இல் வந்தது, விதிகள் 1956இல். மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். தமிழ்நாடு அரசு நியமித்தவர் தன் சான்றில் குறிப்பிட்ட பகுதிக்குள்தான் வேலை செய்ய முடியும். அதற்கு முன்னால் என்ன ஏற்பாடு என்று தேடியபோது ஒரு வேடிக்கை கிடைத்தது. இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயரின் கீழ் இயங்கிய ஓர் அலுவலகம்தான் இந்தியாவில் நோட்டரிகளை நியமித்து வந்தது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ஆங்கிலிகன் பேராயர் புதியவர் இல்லை. ஆனால் இந்த விஷயத்திலும் அவர் கை இருந்தது என்று எனக்குத் தெரியாது. சுதந்திர நாட்டில் இது சரிப்படாது என்றுதான் நமக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள்.

குறைந்தது பத்து வருஷம் வக்கீலாக இருந்தவர் நோட்டரி ஆகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு வருஷம். தொழில் சான்று ஐந்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சான்று இல்லாமல் நோட்டரி வேலை பார்ப்பதும், நோட்டரி அல்லாதவர் நோட்டரி என்று சொல்லிக்கொள்வதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

சரி, சான்று உள்ள நோட்டரி என்னென்ன செய்யக்கூடாது? இதைத் தேடித்தான் சட்டத்தைத் திறந்தேன். பட்டியல் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பத்தாவது பிரிவு ஒரு நோட்டரியை எப்போது பதிவிலிருந்து நீக்கலாம் என்று சொல்கிறது: அவரே கேட்டால், கட்டணம் கட்டாவிட்டால், திவாலானால், சான்றைப் புதுப்பிக்காவிட்டால், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றால். இன்னொன்று, ‘தொழில்சார்ந்த அல்லது பிற தவறான நடத்தை’ விசாரணையில் நிரூபணமாகி, அவர் நோட்டரியாக இருக்கத் தகுதியற்றவர் என்று அரசு கருதினால். அந்தத் தவறான நடத்தை எது? வராத ஆளுக்கு முத்திரை குத்துவதா, வெற்றுத்தாளில் குத்துவதா, தன் சொந்த மச்சினன் பத்திரத்துக்குத் தானே குத்துவதா? சட்டம் விளக்கவில்லை.

இந்த இடத்தில் கடலைத் தாண்டிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தூத்துக்குடியிலிருந்து கூப்பிடு தூரம்தான் இலங்கை. அங்கே தமிழில் இவரைப் ‘பிரசித்த நொத்தாரிசு’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினால் பத்திரம் என்று சொல்வதில்லை, ‘உறுதி’ என்பார்கள். நொத்தாரிசு இல்லாமல் உறுதி இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நிலம் கைமாறுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்கக் கையெழுத்திட வேண்டும். ஆகவே நொத்தாரிசு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு நீளமாக வரிசைப்படுத்துகிறது. கையெழுத்திடுகிறவரை நொத்தாரிசுக்கோ, குறைந்தது இரண்டு சாட்சிகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். யாரையுமே தெரியாது என்றால் அத்தாட்சிப்படுத்தக்கூடாது. எழுதியதை வாசித்து விளக்க வேண்டும். கையெழுத்திடுகிறவரும் சாட்சிகளும் நொத்தாரிசும் ஒரே நேரத்தில் ஒருவர் முன் ஒருவர் இருக்க வேண்டும். முடித்த உறுதிகளின் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். கலிபோர்னியாவில் நிலம் சம்பந்தப்பட்ட பத்திரத்துக்கோ பவர் பத்திரத்துக்கோ நோட்டரி முத்திரை வேண்டுமென்றால், கையெழுத்திடுகிறவர் நோட்டரியின் பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். டெக்சஸில் நோட்டரி தன்னை ‘நோட்டாரியோ பப்ளிகோ’ என்று விளம்பரப்படுத்திக்கொள்ளத் தடை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் அந்தப் பெயருக்குப் பெரிய சட்ட நிபுணர் என்று பொருள். ஊரிலிருந்து வந்த ஏழைகள் அந்தப் பெயரை நம்பி ஏமாந்ததால் வந்த தடை. நம்மூர் ‘கவர்மென்ட் சீல்’ நம்பிக்கைக்கு அது தூரத்துச் சொந்தம்தான்.

நம் சட்டம் ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது? நம்மிடம் சார்பதிவாளர் இருக்கிறார் என்பதால், என்று நினைக்கிறேன். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி நிலம் கைமாறும் இடம் அவர் அலுவலகம். போட்டோ, விரல் ரேகை, அடையாளம் காட்டும் சாட்சிகள் எல்லாம் அங்கே. நோட்டரிக்கு மிஞ்சியது உறுதிமொழிகள், நகல் அத்தாட்சி, செக்கு, புரோநோட்டு சமாச்சாரங்கள், வெளிநாட்டுக் காகிதங்கள். சின்ன வேலைதானே, சின்ன விதி போதும் என்று இருந்துவிட்டார்கள் போல.

ஆனால் விதிகளை முழுக்கப் படித்தபோது ஒன்று தெரிந்தது. தடைகளின் பட்டியல் இல்லையே தவிர, வராத ஆளுக்கு முத்திரை குத்துவதைக் கண்டுபிடிக்கும் பொறி உள்ளேயே இருக்கிறது. அதுதான் நோட்டரி பதிவேடு, 15ஆம் எண் படிவம்.

பதினோராவது விதிப்படி ஒவ்வொரு நோட்டரியும் இந்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். வரிசை எண், தேதி, என்ன வேலை, யாருக்கு, அவர் முழு முகவரி, ஆவணத்தின் சாரம், ஒட்டிய நோட்டரி ஸ்டாம்ப், வாங்கிய கட்டணம். கடைசியில் இரண்டு கட்டங்கள்: சம்பந்தப்பட்டவர் கையெழுத்து, நோட்டரி கையெழுத்து. புது நோட்டுப் போடும்போது இதில் மொத்தம் இத்தனை பக்கம் என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியிட வேண்டும். நடுவில் ஒரு தாளைக் கிழித்தாலோ செருகினாலோ தெரிந்துவிடும்.

எனக்கு இதைப் படித்ததும் உற்சாகம் தாங்கவில்லை. நாங்கள் சர்வர்களில் கோடிக்கணக்கில் செலவு செய்து செய்கிற காரியம் இது: பின்னால் சேர்க்கலாம், முன்னால் எழுதியதை அழிக்க முடியாது. சம்பந்தப்பட்டவர் கையெழுத்துக் கட்டத்தை யோசித்துப் பாருங்கள். பத்திரத்தில் கையெழுத்தை வீட்டிலேயே போட்டு யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். பதிவேடு நோட்டரியின் மேஜையில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட ஆள் வந்தே ஆக வேண்டும். வராமலே போட்டிருந்தால் பொய்க் கையெழுத்து இரண்டாகிறது. இரண்டாவது நோட்டரியின் சொந்த நோட்டில் இருக்கிறது, வேறு யார் மேலும் பழி போட முடியாது.

இதோடு இன்னும் சில உண்டு. வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். (இதை நான் தேடிப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு இடத்தில் பார்த்தேன், காலண்டருக்குப் பின்னால்.) ஒவ்வொரு ஜனவரியிலும் முந்தைய வருஷம் செய்த வேலைகளின் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். அரசும் ஜனவரியில் நோட்டரிகளின் பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டும். முத்திரை 5 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக இருக்க வேண்டும். பெயர், பகுதி, பதிவு எண், நியமித்த அரசு எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பதிவேட்டை யார் பார்க்கலாம்? மாவட்ட நீதிபதி, அல்லது அரசு இதற்கென்று நியமிக்கும் அதிகாரி. வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பார்க்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. ‘குறைந்தது இரண்டு தடவை’ என்று எழுதியிருந்தால் அர்த்தம் உண்டு. ‘இரண்டுக்கு மேல் கூடாது’ என்றால், ஒரு தடவைகூடப் பார்க்காமல் இருப்பதும் விதிமீறல் இல்லை.

நான் இதுவரை நாலைந்து தடவை நோட்டரியிடம் போயிருக்கிறேன், மகன் பள்ளிக்கு, வங்கிக்கு, பாஸ்போர்ட்டுக்கு. ஒரு தடவைகூடப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கவில்லை. போன மாதம் போனபோது நானே கேட்டேன். குமாஸ்தா அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “ரெஜிஸ்டரா? அது எதுக்கு சார்? சாயங்காலம் மொத்தமா எழுதிக்கிடுவோம்லா” என்றார். மொத்தமாக எழுதினால் என் கையெழுத்துக் கட்டத்தில் யார் போடுவது என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதெல்லாம் தாமிரபரணிக் கரையில் ஏன் பெரிய விஷயம்? கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் கால்வாய்ப் பாசன நஞ்சைகளின் சொந்தக்காரர்களில் ஏகப்பட்ட பேர் ஊரில் இல்லை. சென்னை, மும்பை, வளைகுடா, அமெரிக்கா. வயல் இங்கே, கையெழுத்து அங்கே. இடையில் ஒரு தாள்தான் பாலம். முன்பெல்லாம் நோட்டரி முத்திரை குத்திய பவர் பத்திரத்தை வைத்து நிலம் கைமாறியது. அதில் வில்லங்கம் பெருகியதால், தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது (2012ஆம் ஆண்டின் 29ஆம் சட்டம்). அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவர் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்றானது. ஆக, நோட்டரி கையில் இருந்த ஆபத்தான ஒரு வேலையை மாநிலமே சார்பதிவாளரிடம் மாற்றிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிறவர் மட்டும் அங்குள்ள நோட்டரி முன்போ இந்தியத் தூதரகத்திலோ பவர் எழுதி அனுப்பலாம்.

சித்தி விஷயத்துக்கும் இதே தர்க்கம்தான். பரம்பரைச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். எங்கம்மா தன் பங்கை அப்படித்தான் விட்டுக்கொடுத்தார், சார்பதிவாளர் முன்னால் விரல் வைத்து. நோட்டரி முத்திரை விழுந்த உறுதிமொழியால் ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறாது. அப்புறம் ஏன் பயப்பட வேண்டும்? அந்தத் தாள் நிலத்தை மாற்றாது, ஆனால் ஒரு பட்டா மனுவை நகர்த்திவிடும். ‘ஆட்சேபணை இல்லை’ என்பதற்கு ஆதாரமாக ஒரு ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பத்து வருஷம் கழித்து ஒரு வழக்கில், ‘அப்பவே எழுதிக் கொடுத்தாங்களே’ என்று எழுந்து நிற்கும். அப்போது சித்தி இருப்பாரோ என்னவோ.

இன்னொரு வகைத் தாள் இதைவிட மோசம். வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் காதல் ஜோடிகள் முத்திரைத்தாளில் ‘திருமண ஒப்பந்தம்’ எழுதி நோட்டரி முத்திரை வாங்கிக்கொண்டு, கல்யாணம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதி மாறிக் கட்டினால் உயிருக்கே உத்தரவாதம் இல்லாத ஊர் நம்முடையது. அந்தப் பிள்ளைகளுக்குச் செல்லாத தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதை என்னவென்று சொல்ல? 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது: நோட்டரிகள் திருமண அதிகாரிகள் அல்ல, திருமணப் பத்திரத்திலோ விவாகரத்துப் பத்திரத்திலோ முத்திரை குத்துவது தவறான நடத்தை. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 7-ஏ பிரிவின்படி, இரண்டு தரப்பும் இந்துக்கள் என்றால், உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றினாலே திருமணம் செல்லும். வக்கீல்கள் தங்கள் தொழில்முறையில் இல்லாமல், நண்பர் என்ற முறையில் அதில் சாட்சியாக நிற்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதற்குப் பிறகு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். இந்த வரிசையில் எந்த இடத்திலும் நோட்டரிக்கு வேலையே இல்லை.

தவறு செய்த நோட்டரி மேல் என்ன செய்யலாம்? பதின்மூன்றாவது விதியில் வழி இருக்கிறது. 13ஆம் எண் படிவத்தில், என்ன செய்தார், என்ன ஆதாரம் என்று எழுதி, பாதிக்கப்பட்டவர் உறுதிகூறிக் கையெழுத்திட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். விசாரணையில் நிரூபணமானால் சான்றை ரத்து செய்து நிரந்தரமாகத் தடுக்கலாம், குறிப்பிட்ட காலம் நிறுத்தி வைக்கலாம், இல்லையென்றால் எச்சரித்து விட்டுவிடலாம்.

போலீஸ், கோர்ட் என்று போனால் வேறு ஒரு சுவர் நிற்கும். சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, நோட்டரி தன் பணியைச் செய்யும்போது செய்த குற்றத்தை, மத்திய அரசோ மாநில அரசோ அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நேர்மையான நோட்டரியைப் பொய் வழக்கிலிருந்து காப்பாற்ற வைத்த வேலி அது, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆள் வராமலே முத்திரை குத்துவது ‘பணியைச் செய்வது’ ஆகுமா என்பதில்தான் வாதமே. கையெழுத்தைப் பொய்யாகப் போட்ட ஆளுக்கு இந்த வேலி இல்லை, அவர் மேல் நேராகவே புகார் கொடுக்கலாம்.

எங்கள் கதை இப்படி முடிந்தது, அல்லது முடியாமல் நிற்கிறது. சித்தி ஊருக்கு வந்து எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தார். ரயில் டிக்கெட் நகலையும் இணைத்தோம். எங்கள் வக்கீல் அந்த நோட்டரியிடம் போய், இந்தத் தாளுக்கான பதிவேட்டு எண் என்ன என்று மட்டும் கேட்டார். தாளில் எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. நாளைக்கு வாங்க, திங்கட்கிழமை வாங்க என்று இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம் மாமா மகன் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டான். எண் கடைசிவரை வரவில்லை.

13ஆம் எண் படிவத்தை நானே நிரப்பி வைத்தேன். தேதி, முத்திரையிலிருந்த பதிவு எண், இணைப்புகள் எல்லாம் சரியாக. சித்தியிடம் கொடுத்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா, நோட்டரியைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க?”

“ஆமா சித்தி.”

“அவரு, யாரு கொண்டாந்து குடுத்தான்னு சொல்லுவாரு.”

“சொல்லணும்.”

“எங்கண்ணன் மவனை நானே கொண்டுபோய் நிறுத்தவா? போடா அங்கிட்டு.”

படிவம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி. அதை அவர்தான் போட வேண்டும், நான் போட முடியாது.